ஓரத்தில் நின்ற அண்ணன்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் எங்கள் வீட்டு டெலிவிஷனும் ஒன்றையொன்று முகம் பார்க்காமல் இருந்தவரையில் எனக்கு இரண்டின் பேரிலும் எவ்வித மனஸ்தாபமும் கிடையாது. கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு மேஜை மேல் கிடந்தது. டெலிவிஷன் அது பாட்டுக்குச் சுவரில் தொங்கியது. இரண்டையும் ஒரு கம்பியால் முடிச்சுப் போட்டேனே, அன்றைக்குத்தான் பிடித்தது சனி. கலியாணத்தை முடித்து வைத்தவனுக்கு இரண்டு வீட்டாரிடமும் பேச்சு உண்டு என்பார்கள். என் கதியும் அப்படித்தான் ஆயிற்று.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் யந்திர சாஸ்திரம் வரும். பயப்பட வேண்டாம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கே புரிந்த சாஸ்திரம் அது. கம்ப்யூட்டரை டெலிவிஷனோடு சேர்த்துவிட்டு, "படம் நன்றாக இல்லையே!" என்று விழித்துக் கொண்டிருக்கிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு இது உபயோகப்படலாம்.

★

சென்ற ஆடிப் பதினெட்டு அன்று நடந்தது. அந்த நாளில் எங்கள் ஜேடர்பாளையத்தை வந்து பார்க்க வேண்டும். காவிரியின் குறுக்கே படுகை அணை. அங்கிருந்துதான் ராஜ வாய்க்கால் புறப்படுகிறது. அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய வாய்க்கால் என்று ஊரார் சொல்லுவார்கள். அவருக்கு ஊரில் சிலையும் உண்டு. வாழையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்கின்றன. ஆடிப் பெருக்கன்று சுற்று வட்டாரத்து ஜனங்கள் எல்லாம் அணைக்கு வந்துவிடுவார்கள். ஒரு பக்கம் பூஜை, ஒரு பக்கம் குளியல், ஒரு பக்கம் மீன் வறுவல் வாசனை. யார் வீட்டுக்கு யார் விருந்து என்று கணக்கே இராது.

அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தாள். என் அண்ணன் மகள். கையைப் பிடித்துக்கொண்டு அவள் பையன், பன்னிரண்டு வயது.

இதிலே அதிசயம் என்னவென்றால், முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் எங்கள் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. 1989-இல் எனக்கும் அண்ணனுக்கும் பாகப் பிரிவினை ஆயிற்று. நிலத்தைப் பங்கு போட்டதில் தகராறு ஒன்றுமில்லை. தண்ணீர் முறையில்தான் வந்தது. "ராத்திரி முறையை அண்ணன் எடுத்துக் கொண்டால் எனக்குப் பள்ளிக்கூடம் போகச் சௌகரியமாக இருக்கும்" என்று ஓர் உறவினரிடம் சொல்லி அனுப்பினேன். அது இரண்டு வாய் மாறி அண்ணன் காதில் விழுந்தபோது, "ராத்திரியில் கண் விழிக்கிறது அவர் தலையெழுத்து" என்று ஆகிவிட்டது. அவர் பதில் சொல்லி அனுப்பினார். அது என்ன சொல்லாகப் புறப்பட்டதோ, என்னிடம் வந்து சேர்ந்தபோது கத்தியாக இருந்தது. நடுவில் நின்றவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் விஷயம் நன்றாக விளங்கட்டும் என்று கொஞ்சம் அழுத்திச் சொன்னார்கள், அவ்வளவுதான்!

அண்ணன் தம் பங்கை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு கரூருக்குப் போய்விட்டார். 2014-இல் காலமானார். நான் போனேன். மயானத்தில் கூட்டத்தின் ஓரமாக நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பி வந்தேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்தப் பெண் வந்து, "நல்லா இருக்கீங்களா சித்தப்பா?" என்று கேட்டாள். என் சம்சாரம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "சாப்பிடு, அம்மிணி" என்றேன். அது ஒன்றுதான் வாயில் வந்தது.

சாப்பாடு ஆன பிறகு அவள் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள்.

"ஏனுங் சித்தப்பா, அத்தை கலியாணத்துல எடுத்த பெரிய போட்டோ ஒண்ணு இந்த ஆசாரத்துல மாட்டியிருக்குமே, அது இருக்குதுங்களா? அப்பா வயசுல எடுத்த போட்டோ எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்லைங்க. அதுல அப்பா ஓரத்துல நிப்பாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

★

அந்தப் படம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. 1976-ஆம் வருஷம் எங்கள் தங்கையின் கலியாணத்தில் எடுத்தது. பன்னிரண்டு அங்குல நீளம், ஆறு அங்குல உயரம். மூன்று வரிசையில் முப்பத்தொரு பேர். எல்லாரையும் நிறுத்தியாகிவிட்டது, அண்ணனைக் காணோம். அவர் பந்தியில் சாம்பார் விட்டுக் கொண்டிருந்தார். "அண்ணா, ஓடி வா!" என்று நான்தான் கத்தினேன். அவர் ஓடி வந்து வலது கோடியில் நின்றாரோ இல்லையோ, படம் எடுத்துவிட்டார்கள். அதனால் அவர் பாதி உருவந்தான் படத்துக்குள் விழுந்தது. ஒரு முகம், ஒரு தோள், கரண்டி பிடித்த ஒரு கை. அவ்வளவுதான்.

அசல் படம் இப்போது இல்லை. மழைக் காலத்தில் சுவர் ஈரம் வாங்கி, கரையான் ஏறிவிட்டது. முற்றும் அரிப்பதற்கு முன்னால், என் சம்சாரத்தின் நச்சரிப்புத் தாங்காமல், அதை வேலூருக்குக் கொண்டு போய் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் படமாக மாற்றி வாங்கி வந்தேன். (வேலூர் என்றால் எங்களுக்குப் பரமத்தி வேலூர்தான்; கோட்டை வேலூர் அல்ல.) கட்டைவிரல் அளவு பென் டிரைவ் ஒன்றில் போட்டுக் கொடுத்தார்கள். அதை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினவன், ஒரு தரங்கூடத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை என்பதே நிஜம்.

"இருக்குது அம்மிணி. இப்பவே காட்டறேன்" என்று எழுந்தேன்.

வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் என் மகளுடையது. அரசாங்கம் பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினி. மகள் கோயமுத்தூரில் உத்தியோகம் ஆனதும் அதை எங்களுக்கு விட்டுப் போய்விட்டாள். ஒரு நாள் அது மேஜையிலிருந்து விழுந்து, திரை முழுவதும் மை கொட்டினாற்போல் கறுத்துவிட்டது. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. "டெலிவிஷனோடு ஹெச்.டி.எம்.ஐ. கம்பியைப் போட்டுப் பார்த்துக்கங்கப்பா" என்று மகள் சொல்லியிருந்தாள். கம்பியும் வாங்கி வைத்திருந்தேன். படத்தையும் ஒலியையும் புள்ளி பிசகாமல் ஒரே கம்பியில் கொண்டு போகிற ஏற்பாடு அது. 2002-இல் பல கம்பெனிகள் சேர்ந்து வகுத்தது.

கம்பியைச் சொருகினேன். டெலிவிஷனில் கம்ப்யூட்டரின் முகப்பு வந்தது. எழுத்துக்கள் கொஞ்சம் மசமசவென்றுதான் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டேன், மாற்றமில்லை. போகட்டும் என்று படத்தைத் திறந்தேன்.

சுவர் நிறைய கலியாணம்! நடுவே தங்கையும் மாப்பிள்ளையும். அப்பா, அம்மா, பெரிய மாமா, இறந்துபோன எத்தனையோ பேர். என் சம்சாரம் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக்கொண்டே வலது பக்கம் போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

வலது கோடியில் எங்கள் சித்தி மகன் நின்றான். அவனுக்கு அப்பால் திரையின் சட்டந்தான் இருந்தது. அண்ணனைக் காணவில்லை.

யாரும் பேசவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. வெகு மெதுவாக அவள் கேட்டாள்: "எங்கப்பாவை வெட்டிட்டீங்களா, சித்தப்பா?"

★

இல்லை என்று சொன்னேன். சத்தியம் பண்ணினேன். ஆனால், என் குரல் எனக்கே சரியாக ஒலிக்கவில்லை. ஸ்டூடியோக்காரர்கள் ஓரத்தைக் கத்தரித்து விட்டார்களோ என்று ஒரு சந்தேகம். கரையான் அரித்த பகுதி அதுதானோ என்று இன்னொரு சந்தேகம். இரண்டுக்கும் அடியில் வேறொரு எண்ணம் கிடந்து உறுத்தியது: 'படத்தில் வெட்டவில்லை, வாஸ்தவம். முப்பது வருஷமாக வேறெங்கே வெட்டாமல் வைத்திருந்தாய்?'

அவள் பையை எடுத்துக்கொண்டாள். "ஏழு மணிக்கு வேலூர் பஸ்ஸுங்க சின்னம்மா. அதை விட்டாக் கரூர் போறதுக்கு ராத்திரி ஆயிரும்" என்று என் சம்சாரத்திடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தப் பையன் வாயைத் திறந்தான்.

"அப்புச்சி, இதுல மணி காட்டற இடமே காணோமே!"

"எந்த மணியடா கண்ணு?"

"கம்ப்யூட்டர்ல வலது பக்கம் கீழே மணி காட்டுமில்லைங்க? அந்தப் பட்டையே தெரியலை. மேலே மூடறதுக்குப் பெருக்கல் குறி இருக்கும், அதுவும் பாதிதான் இருக்குது. போட்டோவை மூடிட்டுப் பாருங்க."

படத்தை மூடிப் பார்த்தேன். அவன் சொன்னது நிஜம். அடியில் இருக்க வேண்டிய பட்டை, ஒரு நூல் அகலத்துக்குத் தவிர, அடியோடு இல்லை. ஆக, வெட்டுப்பட்டது எங்கள் கலியாணப் படம் மட்டும் அல்ல! கம்ப்யூட்டர் காட்டுகிற எதுவானாலும் நான்கு ஓரமும் போய்விடுகிறது! இதை யார் செய்கிறார்கள்?

மகளுக்குப் போன் செய்தேன். அவள் அவசர அவசரமாக ஒரு வழி சொன்னாள். கம்ப்யூட்டரின் படப் பகுதியில், படத்தைச் சிறிதாக்குகிற அமைப்பு ஒன்று உண்டாம். அதைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினோம். மணி தெரிந்தது. பெருக்கல் குறி தெரிந்தது. கலியாணப் படத்தைத் திறந்தோம். வலது கோடியில் அண்ணன் இருந்தார்!

ஆனால், எப்படி இருந்தார்? தண்ணீரில் நனைந்த மை எழுத்தைப் போல இருந்தார். முகம் என்று ஒரு வெளிறல். கண் என்று ஒரு கறை. கையில் இருப்பது கரண்டியா, கம்பா என்று தெரியவில்லை. முன்பே மசமசவென்று இருந்த படம், சுருக்கியதும் இன்னும் மோசமாயிற்று.

"இது எங்கப்பாதானுங்களா?" என்றாள் அவள். பையைக் கீழே வைக்கவில்லை. ஆனால், வாசல் பக்கம் போகவும் இல்லை.

★

வேலூரில் எனக்குத் தெரிந்த டெலிவிஷன் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து இதே தொழில். ஆடிப் பதினெட்டு என்றுகூடப் பாராமல் அவரைப் போனில் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"வாத்தியாரே, தப்பு டெலிவிஷன் மேலேயும் இல்லை, கம்ப்யூட்டர் மேலேயும் இல்லை. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு உபகாரம் பண்ணுது, அதான் சங்கடம். முதல்லே நீங்க சுருக்கினதைப் பழையபடி ஆக்குங்க. அப்புறம் சொல்றேன்."

ஆக்கினேன். அண்ணன் மறுபடியும் மறைந்தார். எனக்குத் திக்கென்றது.

அவர் சொன்ன சரித்திரம் இதுதான். டெல்லியில் 1959 செப்டம்பர் 15-இல் டெலிவிஷன் தொடங்கியது. சென்னைக்கு 1975-இல் வந்தது. அந்தக் காலத்துப் பெட்டி எல்லாம் கண்ணாடிக் குழாய்ப் பெட்டி. உள்ளே ஓர் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடிப் படம் வரையும். மின்சாரம் ஏறினால் படம் பெருக்கும், இறங்கினால் சுருங்கும். சாயங்காலம் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓட ஆரம்பித்தால், படத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை விழும். அது ஜனங்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகப் பெட்டி செய்கிறவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். படத்தைத் திரையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்துவிட்டார்கள். ஓரம் சட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கும் இது தெரியும். ஆகையால் முக்கியமான எதையும் ஓரத்தில் வைக்கமாட்டார்கள். இப்படிப் படம் திரைக்கு வெளியே வழிவதற்கு 'ஓவர்ஸ்கேன்' என்று பெயர்.

"உங்க வீட்டுப் பரண் மேலே அரசாங்கம் குடுத்த பதினாலு அங்குலப் பெட்டி கிடக்குமே, அதுவரைக்கும் இந்த ஏற்பாடு நியாயந்தானுங்க" என்றார்.

கிடக்கிறது. 2006 செப்டம்பர் 15-இல் தமிழ்நாடு அரசு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்க ஆரம்பித்தது. சரியாக ஐந்து வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 15-இல், மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. இரண்டும் அண்ணா பிறந்த நாள். எங்களைப் போல் எத்தனையோ வீட்டில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன.

இப்போது சுவரில் தொங்குகிற தட்டைப் பெட்டியில் கற்றையும் இல்லை; சுருங்குவதும் பெருகுவதும் இல்லை. குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என்று புள்ளிகள் நட்டு வைத்தாற்போல் நிற்கின்றன. ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. வருகிற படத்தை இன்னமும் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தைத் தள்ளிவிடுகிற பெட்டிகள் இருக்கின்றன. எவ்வளவு தள்ளும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். எங்கள் பெட்டி பக்கத்துக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு தள்ளியிருக்கிறது. பன்னிரண்டு அங்குலப் படத்தில் நூற்றுக்கு ஐந்து என்றால் அரை அங்குலத்துக்குச் சற்று மேல். அந்த அரை அங்குலத்தில்தான் என் அண்ணன் நின்றார்!

"டெலிவிஷன் பெரிசாக்குது, நீங்க கம்ப்யூட்டரில் சிறிசாக்கினீங்க. ஒரு கோணலை இன்னொரு கோணலாலே நிமித்தப் பார்த்தீங்க. படம் ரெண்டு தடவை நசுங்கும், வேறென்ன ஆகும்? பெரிசாக்கறவனை நிறுத்துங்க. அதுதான் வைத்தியம்."

டெலிவிஷனின் ரிமோட்டில் படத்தின் அளவு என்று ஒரு பகுதி உண்டு. அதில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்ஸல்', 'ஒன்றுக்கு ஒன்று' என்று கம்பெனிக்கு ஒரு பெயராக ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒன்றே: 'வந்ததை வந்தபடி காட்டு.' பையன் தேடிப் பிடித்து அமுக்கினான். அண்ணன் திரும்பி வந்தார். நான்கு ஓரமும் முழுசாக இருந்தது.

மசமசப்பு மட்டும் போகவில்லை.

★

"கம்ப்யூட்டர் என்ன அளவு அனுப்புதுன்னு பாருங்க" என்றார் மெக்கானிக்.

பையன் பார்த்துச் சொன்னான்: 1,366-க்கு 768.

இதற்கும் காரணம் இருந்தது. கம்ப்யூட்டர் தன் சொந்தத் திரையிலும் டெலிவிஷனிலும் ஒரே படத்தைக் காட்டிக் கொண்டிருந்தது. சொந்தத் திரையோ உடைந்த திரை. யாருக்கும் தெரியாத திரை. ஆனாலும், அந்தத் திரையின் சிறிய அளவுக்கே எல்லாவற்றையும் தயார் செய்தது. அதாவது, சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். டெலிவிஷனில் இருப்பதோ இருபது லட்சத்துக்கு மேல். பத்துப் பேர் சமையலை இருபது பேர் பந்தியில் பரிமாறினால் என்ன ஆகும்? தண்ணீர் விட்டு நீட்ட வேண்டியதுதான். டெலிவிஷன் இல்லாத புள்ளிகளை உத்தேசமாகக் கலந்து நிரப்பியது. அதுதான் மசமசப்பு.

விண்டோஸ் பொத்தானையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அமுக்கி, 'இரண்டாவது திரை மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்தோம். பிறகு படத்தின் அளவில் 1,920-க்கு 1,080 வைத்தோம். புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது. எழுத்துக்கள் அச்சில் வார்த்தாற்போல் நின்றன.

"இப்போ எழுத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு விளிம்பு தெரியுதுங்களா?"

தெரிந்தது.

"அதுவும் உபகாரந்தான். 'ஷார்ப்னெஸ்'னு ஒண்ணு இருக்கும். படம் கூர்மையாத் தெரியட்டும்னு டெலிவிஷன் தானா ஒரு விளிம்பு கட்டுது. நிஜத்தில் அங்கே விளிம்பே கிடையாது. அதைக் குறைச்சுடுங்க. பல பெட்டியில் பூஜ்யம்; சிலதிலே நடுவில் வெச்சாத்தான் சரியா வரும். விளிம்பு எங்கே மறையுதோ, அங்கே நிறுத்துங்க."

'கூர்மையாகத் தெரியட்டும் என்று' என்றாரே, அந்த வார்த்தை என்னை என்னவோ செய்தது. 1989-இல் என் சொல்லை எடுத்துக்கொண்டு போன உறவினர் என் கண் முன்னால் வந்தார். நல்ல மனுஷர். அவரும் விளிம்பு கட்டினார்; அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. படத்தின் இருட்டான இடங்கள் எல்லாம் ஒரே கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தன. அண்ணன் தலைமுடியும் பின்னாலிருந்த வாசல் நிழலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. இதற்கும் ஒரு கணக்கு. கம்ப்யூட்டர் கறுப்பைப் பூஜ்யம் என்று வைத்து, வெள்ளையை 255 என்று வைக்கிறது. டெலிவிஷன் உலகத்து வழக்கம் வேறு. அங்கே 16-தான் கறுப்பு, 235-தான் வெள்ளை. கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி அனுப்பி, டெலிவிஷன் தன் வழக்கப்படி வாங்கிக் கொண்டால், பூஜ்யத்திலிருந்து 16 வரையில் உள்ள அத்தனை நிழல் பேதமும் ஒரே மையாகிவிடும். இதுவே தலைகீழாக நடந்தால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். இரண்டு பேரும் ஒரே கணக்கைப் பேச வேண்டும். டெலிவிஷனில் ஹெச்.டி.எம்.ஐ. கறுப்பு அளவு என்று ஒரு பகுதி இருந்தது. அதைக் கம்ப்யூட்டரின் கணக்குக்கு மாற்றினோம். கூடவே, கம்பி சொருகிய வாசலுக்குப் 'பி.ஸி.' என்று பெயரும் கொடுக்கச் சொன்னார். பல பெட்டிகளுக்கு அந்தப் பெயர் ஒன்றே போதுமாம். தம்முடைய உபகாரங்களைப் பெரும்பாலும் தாமே நிறுத்திக் கொண்டுவிடுமாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "சொல்லியிருந்தா என்ன கோளாறுன்னு நீங்க தெரிஞ்சிருக்க மாட்டீங்களே, வாத்தியாரே!" என்று என் தொழிலை என்னிடமே காட்டிவிட்டுப் போனை வைத்தார்.

★

பையன் கலியாணப் படத்தைத் திறந்தான்.

1976-ஆம் வருஷத்து வெயில் ஆசாரத்துச் சுவரில் அடித்தது. மாப்பிள்ளையின் மாலையில் பூவைத் தனித்தனியாக எண்ணலாம். அப்பாவின் தோள் துண்டில் மடிப்புத் தெரிந்தது. வலது கோடியில், இருபத்தைந்து வயது அண்ணன். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்காதது போல் வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் இருந்தது கரண்டிதான். அதிலிருந்து ஒரு சொட்டு வழிந்து மணிக்கட்டில் நின்றது.

எல்லாரும் காமிராவைப் பார்த்தார்கள். அவர் ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. அவர் பார்வை படத்துக்கு உள்ளே, இரண்டாவது வரிசையில் நடுவில் நின்ற ஒருவன் பேரில் இருந்தது. அவனைப் பார்த்துத்தான் சிரித்தார். அந்த இருபது வயதுப் பையன் நான். 'நீ கூப்பிட்டே, வந்துட்டேன் பார்' என்கிற சிரிப்பு.

பதின்மூன்று வருஷம் அந்தப் படம் எங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சுவரில் தொங்கியது. அதற்கப்புறமும் பல வருஷம் என் வீட்டில்தான் தொங்கியது. அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று ஒரு நாள்கூட நான் கவனித்ததில்லை.

அந்தப் பெண் திரையின் அருகில் போய், அவர் முகத்துக்கு நேராக நின்றாள். தொடவில்லை. வெகு நேரம் நின்றாள்.

"அம்மிணி" என்றேன். "போட்டோவுல நான் வெட்டலை. ஆனா, நேர்ல வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். ஆள் மேல ஆள் அனுப்பினேனே தவிர, நான் போகலை. அது என் தப்புத்தான்."

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அப்பாவும் அதையேதானுங்க சொல்லிட்டு இருந்தாரு, சித்தப்பா. 'நானே ஒரு எட்டுப் போயிருக்கலாம்'னு."

இதை ஏன் எனக்கு யாருமே வந்து சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. யாராவது வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்ததுதானே வியாதி!

"ஏனுங்க, ஏழு மணி பஸ் போயிருச்சுங்க" என்று சமையலறையிலிருந்து என் சம்சாரத்தின் குரல் கேட்டது. அதில் வருத்தம் துளியும் இல்லை. இட்டிலிக்கு மாவு எடுக்கிற சத்தமும் கூடவே கேட்டது.

மறுநாள் காலையில் வேலூருக்குப் போய், அந்தப் படத்தைப் பன்னிரண்டுக்கு ஆறு அங்குலத்தில் இரண்டு பிரதி போட்டு வாங்கினோம். கடைக்காரப் பையன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஓரத்துல ஒருத்தர் பாதியா நிக்கறாருங்க. அவரை எடுத்துட்டா ஃபிரேமுக்கு நீட்டா இருக்கும்" என்றான். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், "அப்படியே இருக்கட்டும்" என்றோம்.

ஒரு பிரதி எங்கள் ஆசாரத்தில் மாட்டியிருக்கிறது. இன்னொன்றை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. அன்றே அவர்களோடு பஸ் ஏறிப் போய், கரூரில் அண்ணியின் கையில் நானே கொடுத்தேன்.